ஒரு கால் வித்தியாசம்

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, பெண்டாட்டியிடம் கோபப்படுவது என்று குணசேகரன் முடிவெடுத்தார்.

சும்மா வந்து போகிற கோபம் இல்லை. மூன்று நாளாகக் கடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த கோபம். அரிமளம் கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை அவருடையது. சுற்றுவட்டாரத்தில் எந்த போர்வெல் மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "இந்த வீட்டுல நான் மனுசனா, இல்ல மாடா?" என்று தொடங்குகிற வசனத்தை அவர் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் மோட்டாரைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். மனுசனுக்குக் காடு, மலை, அருவி என்றால் உயிர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் ஒரு மலையையாவது நிம்மதியாகப் பார்த்தாரா? பார்க்க விட்டால்தானே!

பக்கத்தில் இருக்கிற விராலிமலைக்குத்தான் முதலில் போனார். அங்கே காட்டு மயில்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும், அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெண்டாட்டி உண்ணாமலை தன் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். குணசேகரன் முருகனைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டதில் படிக்கட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தார். மயில்கள் வந்த நேரத்தில் அவர் அர்ச்சனைத் தட்டு வாங்க வரிசையில் நின்றார்.

தூரத்தில் இருக்கிற குற்றாலத்துக்குப் போன கதை இதைவிட மோசம். வேனில் பதினேழு பேர். அதில் பதினைந்து பேர் உண்ணாமலை வீட்டு ஆட்கள். அருவிக்குப் பக்கத்தில் போனதும் ஆளாளுக்குத் துணிப்பையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, "மாப்ள பாத்துக்குவாரு" என்று குளிக்கப் போய்விட்டார்கள். பதினைந்து பைக்குக் காவல் நின்றவர் எப்படி அருவியைப் பார்ப்பார்? பையைத்தான் பார்த்தார். அருவியின் சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

"உண்ணாமலைன்னு ஒருத்தியைக் கட்டினேன். எனக்கு வாய்ச்ச ஒரே மலை அதுதான்" என்று கடையில் அடிக்கடி சொல்வார். வீட்டில் சொன்னதில்லை.

இந்தக் கொடுமையெல்லாம் போதும் என்றுதான் இந்த முறை ரகசியமாகக் காரியம் பார்த்தார். வனத்துறையே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற மலையேற்றம் ஒன்று செல்போனில் கண்ணில் பட்டது. வால்பாறைக்கு அங்கிட்டு, காப்புக்காட்டுக்குள்ளே, வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள். காப்புக்காடு என்றால் அரசாங்கம் ஒதுக்கிவைத்துக் காக்கிற காடு. அதற்குள் மரம் வெட்ட விட மாட்டார்கள், மாடு மேய்க்க விட மாட்டார்கள். மாமியாரையும் விட மாட்டார்கள் என்று குணசேகரன் தானாகவே சேர்த்துக்கொண்டார். உடனே பேர் கொடுத்தார். ஒரே ஒரு பேர். தன் பேர்.

கொடுத்தாகிவிட்டது. இனி வீட்டில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தக் கோபம்.

ஒன்பது மணிக்கு நாற்காலியை நடு வீட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்தா, இங்கிட்டு வா. இந்த வீட்டுல நான் மனுசனா, இல்ல..."

"சார், கூரியர்!" என்று வாசலில் சத்தம் கேட்டது. உண்ணாமலை போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, ஒங்க பேருக்குப் பார்சலு. அட்டை உறைன்னு போட்டிருக்கு."

குணசேகரனுக்கு வசனம் மறந்துபோனது.

"பரவாயில்லையே! ரேசன் அட்டை கிழியுது, ஒரு உறை வாங்கியாங்கன்னு ரெண்டு வருசமாக் கத்துறேன். இப்பவாச்சும் காதுல விழுந்துச்சே!"

"அது வந்து..."

அவள் அதற்குள் கத்தரிக்கோலால் பிரித்துவிட்டாள். உள்ளே முழங்கால் உயரத்துக்கு இரண்டு பச்சைத் துணி உறை. ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"யாத்தே, இம்புட்டுப் பெருசா! தெருவுல உள்ள ரேசன் அட்டை அம்புட்டையும் இதுக்குள்ள போடலாமே!"

"அந்த அட்டை இல்லடி. ரத்தத்தை உறிஞ்சுமே, அந்த அட்டை."

"கரண்டு பில்லு அட்டையா?"

"காட்டுல இருக்குற அட்டைடி! கால்ல ஏறிக் கடிக்கும். ஏறாம இருக்க இந்த உறையைப் போட்டுக்கணும்!"

"நம்ம வீட்டுல ஏதுங்க காடு?"

மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்ட ஆம்பளைக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஒத்திகையே தேவையில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஆமா, நான் காட்டுக்குப் போறேன்! காப்புக்காட்டுக்குப் பேரு குடுத்திருக்கேன். வர்ற வெள்ளிக்கெழமை போறேன். யாரு தடுத்தாலும் நிக்க மாட்டேன். ஒங்க ஆத்தா வந்து குறுக்க படுத்தாலும் தாண்டிப் போவேன்!"

"செவ்வாக்கெழமை ஊர்ல காப்புக் கட்டுறாங்க" என்றாள் உண்ணாமலை.

"கட்டட்டும். வீட்டுக்கு ஒருத்தர் கட்டினாப் போதும்ல? வருசா வருசம் நீதானே கட்டுற. இந்த வருசமும் நீயே கட்டு."

அந்த ஊர் அம்மன் திருவிழாவின் முறை அது. வீட்டுக்கு ஒருத்தர் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டினவர் எட்டு நாளைக்கு ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. கறி, மீன் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. குணசேகரன் வீட்டில் இதுவரைக்கும் காப்புக் கட்டியது உண்ணாமலைதான். அந்த எட்டு நாளும் குணசேகரன் அறந்தாங்கி வரைக்கும் போய் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவார்.

உண்ணாமலை உறையை மடித்து வைத்தாள்.

"எத்தனை பேருக்குப் பேரு குடுத்தீங்க?"

"எனக்கு மட்டும்தான்."

"ஒத்தை ஆளுக்கா?"

"ஒத்தை ஆளுக்குத்தான்! அதுக்கென்ன இப்ப?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. கத்தப்போகிறாள் என்று குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குத் தாளிக்கும்போது கடுகு வழக்கத்தைவிடச் சத்தமாக வெடித்தது.

இதிலும் குணசேகரனுக்குக் கோபம்தான். மூன்று நாள் ஒத்திகை பார்த்த வசனத்தில் பாதியைக்கூடப் பேச விடவில்லையே, பாவி!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். காட்டுக்கென்று வாங்கிய, எட்டுப் பை வைத்த பச்சைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடி முன் நின்றார். எந்தப் பையில் எதை வைப்பது என்று தீவிரமான யோசனை. கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. அடுத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"காயில் கடை குணசேகரன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே கோயிலுக்கு வரவும். இந்த வருசத்து முதல் காப்பு குணசேகரன் அவர்களுக்கு. காயில் கடை குணசேகரன்..."

கால்சட்டையோடு ஓடினார். கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் நோட்டும் கையுமாக நாகராசு உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தச் சாமிக்கு எந்தத் திருவிழா வந்தாலும், விரதம் இருக்கிறவர்கள் பேரை எழுதுவது அவர்தான். அவர் நோட்டில் ஏறின பேரைச் சாமியே வந்தாலும் அழிக்க முடியாது. உண்ணாமலைக்கு அண்ணன் முறை.

"வா மாப்ள, வா. என்ன இது, வேட்டி கட்டிட்டு வரக்கூடாதா?"

"என்ன மச்சான் வெளையாட்டு இது? என் பேரை எதுக்குக் கூப்புடுறீங்க?"

"நீதானப்பா பேரு குடுத்த?"

"நான் எங்க குடுத்தேன்?"

"ஒன் வீட்டுக்காரிதான் ஞாயித்துக்கெழமையே வந்து சொல்லுச்சே. 'அண்ணே, எங்க வீட்டுக்காரரு இந்த வருசம் காப்புக்கட்டுக்குப் பேரு குடுத்திருக்காரு, யாரு தடுத்தாலும் நிக்க மாட்டாராம், எங்க ஆத்தா குறுக்க படுத்தாலும் தாண்டிப் போவாராம்'னு. கேட்டதும் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு மாப்ள. இம்புட்டுப் பக்தியை மனசுல வச்சுக்கிட்டா இத்தனை வருசம் இருந்த? கமிட்டியில பேசி முதல் காப்பையே ஒனக்கு ஒதுக்கிட்டோம்."

"அய்யோ, அது காப்புக்கட்டு இல்ல மச்சான்!"

"பெறகு?"

"காப்புக்காட்டு!"

"அதத்தான் எழுதியிருக்கேன்."

"கட்டு இல்ல மச்சான், காட்டு!"

"அட, நாங்க எதைக் காட்டுறது? நீதான் கையைக் காட்டணும். காட்டு."

"காடு மச்சான், காடு! மரம், செடி, யானை! அந்தா மேக்க, அங்கிட்டு மலையில இருக்குற காடு!"

சொன்னவர் சும்மா சொல்லக் கூடாதா? வலது கையை நீட்டி மேற்கே காட்டினார். மூக்கன் பூசாரி முப்பது வருசமாகக் காப்புக் கட்டுகிறவர். அவர் முன்னால் ஒரு வலது கை நீண்டால் அது மேற்கே காட்டுகிறதா, கிழக்கே காட்டுகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார். மஞ்சள் கயிறு ஏறியது, மூன்று முடிச்சு விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். குணசேகரன் நீட்டின கையை மடக்கக்கூட மறந்து நின்றார். ஊரில் அத்தனை மோட்டாருக்கும் காயில் கட்டினவரை, ஒரு முழக் கயிற்றில் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் கத்தின கத்தில் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"ஏன்டி, கட்டுக்கும் காட்டுக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியாது?"

"எங் காதுல விழுந்ததைச் சொன்னேன்."

"பத்தாவது படிச்சவதானே நீ? ஒரு கால் வித்தியாசம்டி! காட்டுன்னா 'க'வுக்குப் பக்கத்துல ஒரு கால் இருக்கும். அந்தக் காலை எங்க விட்ட?"

"ஒங்க காலை நான் என்னங்க பண்ணினேன்?"

"வாரிட்டியேடி! என் காலை வாரிட்டியே!"

"மெதுவாப் பேசுங்க. முதல் காப்புக் கட்டினவரு கோவப்படக் கூடாதாம்."

"அறுத்து எறிஞ்சுட்டுப் போறேன் பாரு!"

"தாராளமா அறுங்க. அப்புறம் எட்டு நாளைக்குள்ள ஊர்ல எவன் வீட்டுக் கோழி தும்மினாலும் ஒங்க கடை வாசல்லதான் வந்து நிப்பாங்க. பாத்துக்கங்க."

குணசேகரன் கயிற்றைப் பார்த்தார். மேலே கும்பிடு போட்டுவிட்டு, பச்சைக் கால்சட்டையோடு சுருண்டு படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் உண்ணாமலை காப்பித் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் காட்டுக்குக் குடுத்த பேரு வீணாப் போகுமாங்க?"

"போகட்டும். எல்லாம் நாசமாப் போகட்டும்!"

"வீட்டு ஆளா இருந்தா மாத்திக்கலாமாம்ல?"

"அது எப்படி ஒனக்குத் தெரியும்?"

"ஒங்க செல்லுல இருந்த நம்பருக்கு ஞாயித்துக்கெழமையே போன் போட்டுக் கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல். நடந்ததைச் சொல்லி, "அவருக்குப் பதிலா நான் வாரேன்" என்றாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"உண்ணாமலை."

"மலை பேரு எங்களுக்குத் தெரியும்மா. வர்றவங்க பேரைச் சொல்லுங்க."

"வர்றதே அந்த மலைதான் தாயி. எழுதிக்கங்க."

குணசேகரனுக்குக் காப்பி புரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமையே போன்! ஞாயிற்றுக்கிழமையே நாகராசு! கடுகு வெடித்த அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. இவர்தான் இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று எட்டுப் பையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வேணும்னேதான் செஞ்சியா?" என்று எகிறினார். "என் காடுடி அது! இருபத்திரண்டு வருசத்து ஆசை! குத்தாலத்துல நான் பையைத் தூக்கிட்டு நின்ன நிப்பு ஒனக்குத் தெரியுமா?"

உண்ணாமலைக்கும் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம்.

"நிறுத்துங்க! பையி, பையின்னு எத்தனை வருசமாப் பாடுவீங்க? அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? வேனுக்குப் பின்னால கல்லைக் கூட்டி, பதினேழு பேருக்குப் புளிச்சோறு கிண்டிக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்குச் சத்தமாச்சும் கேட்டுச்சு. எனக்கு அதுவும் இல்ல. விராலிமலையில நீங்க வரிசையில நின்னீங்க, நான் புள்ளைக்கு வயித்தால போயி கழுவிக்கிட்டு நின்னேன். நானும் மயிலைப் பாக்கத்தாங்க வந்தேன்!"

"அதுக்காக..."

"நீங்க காட்டுக்குப் போறது எனக்குக் கோவமே இல்ல. பேரு குடுக்கும்போது, 'ஏன்டி, நீயும் வர்றியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா, வீட்டை யாரு பாக்குறது, நீங்க போங்கன்னு நானே சொல்லியிருப்பேன். கேக்கலேல்ல! ஒத்தை ஆளுக்குன்னு நெஞ்சை நிமுத்திச் சொன்னீங்கள்ல! அந்த வாய்க்குத்தான் இது!"

குணசேகரன் மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். அது ஆறிப்போனதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்டால், அந்த ஆளுக்கு இது வேணும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் உண்ணாமலை கிளம்பினாள். மகள் இளமதியின் சுடிதார், காலில் புது ஷூ. முழங்கால் வரைக்கும் அந்த அட்டை உறையை வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள். அரிமளம் பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு குணசேகரன் வெறுங்காலோடு தார் ரோட்டில் குதித்துக் குதித்து வந்தார். முதல் காப்பு என்று பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். அவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முதல் காப்புக்காரர் தினமும் விடிகாலையில் ஊருணியில் குளித்து, ஈரவேட்டியோடு அம்மனுக்கு ஏழு குடம் தண்ணீர் எடுத்து ஊற்ற வேண்டும். ஊருணிக்கரையில் நாலு கருவேல மரம் இருந்தது. அவருக்குக் கிடைத்த காடு அவ்வளவுதான். அதில் ஒரு முள் சனிக்கிழமை அவர் குதிகாலில் ஏறியது. "வேண்டுதல்னா அப்படித்தான் இருக்கும் மாப்ள, சரியாப் போகும்" என்றார் நாகராசு.

உண்ணாமலையின் போன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. காட்டுக்குள் டவர் இல்லையாம். எடுத்ததும் நன்றாகத் திட்ட வேண்டும் என்று குணசேகரன் தயாராக இருந்தார்.

"ஏங்க, இருவாச்சின்னு ஒரு பறவைங்க! யாத்தே, எம்மாம் பெருசு! பறந்து போறப்ப ரக்கைச் சத்தமே அப்படிக் கேக்குது. நான் அண்ணாந்து வாயைப் பொளந்துட்டேன்."

"எத்தனை பாத்த?" என்று கேட்டுவிட்டார். திட்ட வந்த வாய்க்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

"நாலு. முட்டை போடுறதுக்குன்னு பொம்பளப் பறவை பொந்துக்குள்ள ஒக்காந்து வாசலை அடைச்சுக்குமாம். ஆம்பளதான் நாள் பூரா பழம் கொண்டாந்து ஊட்டணுமாம். கூட வந்த ஆபீசரு சொன்னாரு."

"அதை எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

"சும்மா, தெரிஞ்சுக்கங்கன்னு. அப்புறம் ஒரு ஓடைங்க. தண்ணி ஐஸு. காலை வச்சுக்கிட்டு அரைமணி நேரம் ஒக்காந்திருந்தேன். ஒருத்தரும் சோறு ஆச்சான்னு கேக்கலைங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு."

குணசேகரன் முள் ஏறின குதிகாலைத் தடவிக்கொண்டார். மூன்று நாள் சேர்த்து வைத்த கோபம் நெஞ்சில் இருந்துகொண்டே, கொஞ்சம் இளகியும் போனது.

"ஏங்க, ஆவணியில இன்னொரு காட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். நான் பேரு குடுத்துட்டேன்."

அவர் காப்புக் கையால் போனை மாற்றிப் பிடித்துக்கொண்டார். குரலைத் தணித்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கேட்டதில்லை.

"எம் பேரையும் குடுத்தியா?"

"குடுக்காம இருப்பேனா? ஒங்க பேரைத்தாங்க மொதல்ல குடுத்தேன்."

குணசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்! இவளைப் போய்ப் பாவி, படுபாவி என்று மூன்று நாளாகத் திட்டினோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"யாருகிட்ட உண்ணாமலை குடுத்த? அந்த ஆபீசருகிட்டயா?"

"இல்லீங்க, நாகராசு அண்ணன்கிட்ட."